நியூ ஜெர்சி வீட்டுப் புல்தரை: களைக்கொல்லி எப்போது, உரம் எப்போது?

ஏப்ரல் பிறந்தால் போதும், கடை வாசலிலேயே உர மூட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிவிடுவார்கள். புதிதாக வீடு வாங்கிக் குடிவந்தவர்கள் அதில் 'வீட் அண்ட் ஃபீட்' என்று எழுதிய ஒன்றைத் தூக்கி வருகிறார்கள். களையும் போகும், புல்லும் வளரும், ஒரே மூட்டையில் வேலை முடிந்தது என்ற எண்ணம். நல்ல வெயிலில், காய்ந்த புல்மேல் தூவி, உடனே தண்ணீரும் விடுகிறார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் டேன்டிலயன் களை முன்னைவிடச் செழிப்பாக மஞ்சள் பூவோடு நிற்கும், ஏனென்றால் மருந்து இலையில் ஒட்டாமல் கழுவிக்கொண்டு போய்விட்டது, உரம் மட்டும் வேருக்குப் போய்ச் சேர்ந்தது.

புல்தரையில் களை எடுப்பது பெரும்பாலும் நாள் பார்த்துச் செய்கிற வேலை. எந்த மருந்துக்கு ஈரம் வேண்டும், எதற்கு ஆகாது, எதை வசந்தத்தில் போடுவது, எதை இலையுதிர் காலத்துக்கு வைத்துக்கொள்வது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நான் சொல்லும் கணக்கெல்லாம் நியூ ஜெர்சிக்கும் அதைச் சுற்றியுள்ள குளிர்ப் பிரதேசங்களுக்கும். இங்கே வீடுகளில் இருப்பது கென்டக்கி புளூகிராஸ், டால் ஃபெஸ்க்யூ, ரைகிராஸ் கலவை. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நன்றாக வளரும், ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் சோர்ந்துவிடும். டெக்சஸ், ஜார்ஜியா பக்கம் இருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். அங்கே பெர்முடா (நம் அருகம்புல்தான்), செயின்ட் அகஸ்டின் போன்ற வெயில் புற்கள். அவற்றுக்கு நாளும் வேறு, மருந்தும் வேறு. செயின்ட் அகஸ்டின் புல்லுக்கு 2,4-டி என்ற களைக்கொல்லி கலந்த சில மருந்துகள் ஆகவே ஆகாது.

படி 1: தரையை அளங்கள்

வீட்டுப் பத்திரத்தில் இருக்கும் லாட் அளவு இதற்கு உதவாது. வீடு, டிரைவ்வே, டெக், பூச்செடி இடமெல்லாம் போக மிச்சம்தான் புல். நீள அகலம் அளந்து பெருக்குங்கள். முன்பக்கம் 30-க்கு 20 அடி, பின்பக்கம் 60-க்கு 30 அடி என்றால் 600-ம் 1,800-ம் சேர்த்து 2,400 சதுர அடி. இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி கராஜ் சுவரில் ஒட்டிவிடுங்கள். இனி வாங்குகிற ஒவ்வொரு மூட்டைக்கும் புட்டிக்கும் இதுதான் கணக்கு.

கையோடு மண்ணையும் சோதித்துவிடுவது நல்லது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் மண் பரிசோதனைக் கூடத்துக்கு மாதிரி அனுப்பினால் மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.ஹெச். அளவும் சத்துகளும் தெரிந்துவிடும். பி.ஹெச். 6-க்கும் 7-க்கும் நடுவில் இருந்தால் கவலையில்லை. அதற்குக் கீழே போனால் சுண்ணாம்பு போடச் சொல்வார்கள். புளித்த மண்ணில் உரத்தைக் கொட்டினாலும் புல் முழுதாக எடுத்துக்கொள்ளாது.

படி 2: எந்தக் களை என்று குனிந்து பாருங்கள்

முதல் வகை அகன்ற இலைக் களைகள். டேன்டிலயன், வெள்ளை க்ளோவர், பிளான்டைன், நமக்குப் பழகிய புளியாரை எல்லாம் இதில் வரும். க்ளோவர் திட்டுத்திட்டாகப் பரவியிருந்தால் மண்ணில் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு என்று பொருள். அது காற்றிலுள்ள நைட்ரஜனைத் தானே பிடித்துக்கொள்ளும், புல்லால் அது முடியாது. ஒழுங்காக உரம் வைத்தாலே க்ளோவர் தானாகக் குறைவதைப் பார்க்கலாம்.

இரண்டாவது கிராப்கிராஸ். இதுவும் புல்தான். வெளிர் பச்சையாய், அகலமான இலையோடு, நடுவிலிருந்து நாலாபுறமும் தரையோடு படர்ந்திருக்கும். ஓராண்டுச் செடி. முதல் உறைபனியில் செத்துவிடும், ஆனால் அதற்குள் விதையை உதிர்த்துவிட்டுத்தான் போகும்.

மூன்றாவது கோரை. இங்கே நட்செட்ஜ் என்பார்கள். ஜூன் மாதம், புல் வெட்டிய இரண்டாம் நாளே மற்ற புல்லைவிட உயரமாக, பளபளவென்று மஞ்சள் பச்சையில் தலைநீட்டும். சந்தேகமாக இருந்தால் தண்டின் அடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். புல் தண்டு வழுக்கிக்கொண்டு உருளும். கோரை முப்பட்டையாக இருப்பதால் தடக் தடக்கென்று விரலில் இடறும்.

டிரைவ்வே ஓரத்தில் பருப்புக்கீரையும் முளைக்கும். பறித்துச் சமைக்கும் பழக்கம் இருந்தால் அந்தப் பக்கம் எந்த மருந்தும் படவிடாதீர்கள்.

டேன்டிலயன் பத்துப் பதினைந்துதான் இருக்கிறது என்றால் மருந்தே வேண்டாம். மழை பெய்த மறுநாள், நுனி பிளந்த நீளமான களைக்கரண்டியை வேருக்குப் பக்கத்தில் ஆழமாக இறக்கி நெம்புங்கள். ஆணிவேர் முழுதாக வர வேண்டும். பாதியில் ஒடிந்தால் மண்ணில் நின்ற துண்டிலிருந்து மறுபடி தழைக்கும்.

படி 3: வசந்தத்தில் கிராப்கிராஸ் தடுப்பு

கிராப்கிராஸை முளைத்த பிறகு துரத்துவதைவிட முளைக்கவிடாமல் தடுப்பது எளிது. அதற்கான தடுப்பு மருந்துகளில் புரோடையமின், டைதயோபிர், பென்டிமெதாலின் இவற்றில் ஒன்று இருக்கும். மூட்டையின் பின்பக்கம் பெயரைப் பாருங்கள்.

மண்ணின் வெப்பம் சில நாள் தொடர்ந்து 55 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் விதை விழித்துக்கொள்ளும். தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்கு ஃபோர்சித்தியா செடி போதும். தெருவெங்கும் வேலியோரம் மஞ்சளாகப் பூத்துக் குலுங்குமே, அதுதான். அது பூத்து, பூ உதிர்வதற்குள் மருந்தைப் போட்டுவிட வேண்டும். நியூ ஜெர்சியில் பெரும்பாலும் ஏப்ரலில் இந்த நாள் அமையும்.

போட்டபின் தண்ணீர் கட்டாயம். அரை அங்குல மழை வந்தாலும் சரி, ஸ்பிரிங்க்ளர் விட்டாலும் சரி, மருந்து குருணை கரைந்து மண்ணின் மேல்பரப்பில் ஒரு படலமாகப் படிய வேண்டும். அதன்பிறகு அந்த இடத்தைக் கொத்திக் கிளறாதீர்கள்.

இந்தப் படலம் கிராப்கிராஸ் விதை, புல் விதை என்று பேதம் பார்க்காது. வசந்தத்தில் புல் விதை தூவ நினைப்பவர்கள் இந்த மருந்துகளைப் போட்டால் விதைக் காசு வீண். மூன்று நான்கு மாதம் எதுவும் முளைக்காது. விதைப்போடு சேர்த்துப் போடுவதற்கென்றே மெசோட்ரையோன் கலந்த தயாரிப்புகள் தனியாக உண்டு. என்னைக் கேட்டால் வசந்தத்தில் தடுப்பு மருந்து, இலையுதிர் காலத்தில் விதை என்று பிரித்துக்கொள்வதே குழப்பமில்லாதது.

படி 4: அகன்ற இலைக் களைகளுக்கு

இங்கேதான் எல்லாம் தலைகீழ். முன்தடுப்பு மருந்துக்கு உடனே தண்ணீர் வேண்டும். இலைவழி மருந்துக்கு ஒரு நாள் தண்ணீரே கூடாது.

கடையில் கிடைக்கும் இலைவழிக் களைக்கொல்லிகளில் பெரும்பாலும் 2,4-டி, மெகோப்ராப், டைகம்பா மூன்றும் கலந்திருக்கும். இவை அகன்ற இலைச் செடிகளைத் தாக்கும், புல்லை விட்டுவிடும். கிளைஃபோசேட் அப்படியல்ல, பட்ட புல்லையெல்லாம் கொன்றுவிடும். புட்டியை எடுக்கும்போது 'லானுக்கு' என்று இருக்கிறதா, உங்கள் புல்லின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். அமெரிக்காவில் லேபிளில் உள்ள அளவை மீறுவது சட்டப்படியே குற்றம்.

குருணையாக வரும் வீட் அண்ட் ஃபீட் வேலை செய்ய வேண்டுமானால் குருணை இலையில் ஒட்டியிருக்க வேண்டும். ஆகவே விடியற்காலைப் பனி ஈரத்தில், அல்லது இலையை லேசாக நனைத்துவிட்டுத் தூவ வேண்டும். அதன்பின் 24 மணி நேரம் மழையோ ஸ்பிரிங்க்ளரோ கூடாது. தூவுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் புல் வெட்டக்கூடாது. இலை இருந்தால்தானே மருந்து உள்ளே போகும்.

ஆனாலும் பத்து இடத்தில் இருக்கும் களைக்காகத் தோட்டம் முழுக்க மருந்து தூவுவதில் எனக்கு உடன்பாடில்லை. குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் இடம் அது. ஒரு கேலன் கைப்பம்பு ஸ்ப்ரேயர் வாங்கிக் களை இருக்கும் இடத்தில் மட்டும் அடியுங்கள். மருந்தும் மிச்சம், வேலையும் சுத்தம்.

அடிக்கும் முறை: முழுக்கை சட்டை, ஷூ, கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஸ்ப்ரேயரில் முதலில் பாதித் தண்ணீர், பிறகு லேபிளில் சொன்ன அளவு மருந்து, பிறகு மீதித் தண்ணீர். காற்று இல்லாத காலை நேரம், வெப்பம் 60-லிருந்து 85 டிகிரிக்குள். இலை நனைந்தால் போதும், வழிந்தோட வேண்டாம். காயும்வரை குழந்தைகளும் நாயும் அந்தப் பக்கம் போகக்கூடாது. க்ளோவர் பூத்திருந்தால் இரண்டு மூன்று நாள் முன்பே வெட்டிப் பூவை நீக்கிவிட்டு அடியுங்கள், தேனீக்கள் பிழைக்கும்.

நம்மவர்கள் வீட்டுப் பின்பக்கத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய் இல்லாமல் இருக்காது. வெயில் காலத்தில் கறிவேப்பிலைத் தொட்டியும் வெளியே வந்துவிடும். 2,4-டி சாரல் தக்காளிக்கு எமன். துளிர் சுருண்டு, இலை முறுக்கிக்கொண்டு நார்நாராகப் போகும். தொட்டிகளை அன்று உள்ளே எடுத்து வையுங்கள், காய்கறிப் பாத்தியின் திசையில் காற்றடித்தால் வேலையைத் தள்ளிப் போடுங்கள். களைக்கொல்லிக்கென்று வைத்த ஸ்ப்ரேயரை வேறு எதற்கும் எடுக்கவே கூடாது. எவ்வளவு கழுவினாலும் சொட்டு நின்றுவிடும். மருந்து பட்டு வெட்டிய புல்லையும் காய்கறிச் செடிக்கு மூடாக்காகப் போடாதீர்கள். டைகம்பா மண்வழியாக மர வேருக்கும் போகும் என்பதால் மரத்தடியில் அடிக்காமல் கையால் பிடுங்குவது நல்லது.

சில நாளில் டேன்டிலயன் தண்டு முறுக்கிக்கொள்ளும். முழுதாகச் சாக இரண்டு மூன்று வாரமாகும். அவசரப்பட்டு மறுநாளே இன்னொரு முறை அடிக்காதீர்கள்.

கோரைக்கு இந்த மருந்தெல்லாம் பலிக்காது. பிடுங்கினாலும் கிழங்கு மண்ணில் நின்றுவிடும். ஹாலோசல்ஃப்யூரான் கலந்த தனி மருந்து வேண்டும். ஜூன் மாதம், புதுக்கிழங்கு வைப்பதற்குமுன் அடித்தால் பலன் அதிகம்.

படி 5: உரம்

மூட்டையில் இருக்கும் மூன்று எண்கள் முறையே தழைச்சத்து, மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்). 24-0-6 என்றால் நூறு பவுண்டில் 24 பவுண்டு தழைச்சத்து. நியூ ஜெர்சியில் நடு எண் பெரும்பாலும் 0 ஆக இருப்பதற்குக் காரணம் 2011-ல் வந்த உரச் சட்டம். மண் பரிசோதனையில் குறை தெரிந்தாலோ, புதுப்புல் போட்டாலோ அல்லது பழுது பார்த்தாலோதான் மணிச்சத்து போடலாம். நவம்பர் 15 முதல் மார்ச் 1 வரை வீட்டுக்காரர்கள் தழைச்சத்தும் மணிச்சத்தும் போடக்கூடாது. ஒரு தடவைக்கு 1,000 சதுர அடிக்கு 0.9 பவுண்டு தழைச்சத்துக்கு மேல் போகக்கூடாது, வருடம் முழுக்க 3.2 பவுண்டு.

நம் 2,400 சதுர அடிக்குக் கணக்குப் போடுவோம். 0.9-ஐ 0.24-ஆல் வகுத்தால் 3.75. அதாவது 1,000 சதுர அடிக்கு 3.75 பவுண்டு உரம், மொத்தத் தரைக்கு 9 பவுண்டு. இதுதான் உச்சவரம்பு. குறைத்துப் போடலாம், கூட்டக்கூடாது.

தூவும்போது 9 பவுண்டையும் ஒரே வீச்சில் போடாமல் பாதியை வடக்கு தெற்காக, மீதியைக் கிழக்கு மேற்காகத் தூவுங்கள். அப்போதுதான் வரிவரியாகப் பச்சை விழாது. உரம் தூவும் வண்டியான ஸ்ப்ரெட்டரை டிரைவ்வேயில் நிறுத்தி நிரப்புங்கள். புல்மேல் வைத்து நிரப்பிக் கொட்டிவிட்டால் அந்த இடம் கருகிவிடும். திரும்பும்போது ஸ்ப்ரெட்டரின் வாயை மூடுங்கள். டிரைவ்வேயிலும் நடைபாதையிலும் சிதறியதைப் பெருக்கி மறுபடி புல்லிலேயே தள்ளுங்கள். அதை விட்டுவிட்டால் மழையில் சாக்கடை வழியே எடிசன் பக்கத்து ராரிடன் ஆற்றுக்கும் அங்கிருந்து கடலுக்கும் போய்ப் பாசியை வளர்க்கும். கனமழை வரும் என்ற நாளில் உரமே வேண்டாம்.

வசந்தத்தில் அரை வயிறு உரம் போதும். முக்கியமான தவணை செப்டம்பரில். வெயில் தணிந்து, புல் வேர் பிடிக்கும் காலம் அது. கோடையில், புல் காய்ந்து கிடக்கும்போது, உரம் போட்டால் கிராப்கிராஸ்தான் குடித்துக் கொழுக்கும்.

படி 6: இலையுதிர் காலம், இதைத் தவற விடாதீர்கள்

ஒரு வருடத்தில் ஒரே ஒருமுறைதான் களைக்கொல்லி அடிக்க முடியும் என்றால் நான் செப்டம்பர் கடைசியையும் அக்டோபரையும்தான் சொல்வேன். குளிர் வருமுன் டேன்டிலயனும் க்ளோவரும் இலையில் செய்த உணவை வேருக்கு இறக்கிச் சேமிக்கும். மருந்தும் அதோடு சேர்ந்து வேருக்கு இறங்கும். வசந்தத்தில் பூ பூக்கும்போது இந்த ஓட்டம் அவ்வளவு சாதகமாக இருக்காது.

வெற்றுத் திட்டுகளில் விதை போடுவதானால் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவரை. புதுப்புல்லை மூன்று நான்கு முறை வெட்டிய பிறகுதான் அங்கே களைக்கொல்லி படலாம். ஏற்கெனவே மருந்து அடித்த இடமென்றால் மூன்று நான்கு வாரம் விட்டு விதையுங்கள், லேபிளில் அந்த இடைவெளி எழுதியிருக்கும்.

வருடம் முழுக்கவும் வெட்டும் இயந்திரத்தின் உயரத்தை மூன்றிலிருந்து நான்கு அங்குலத்தில் வையுங்கள். ஒட்ட வெட்டினால் வெயில் மண்ணில் விழுந்து கிராப்கிராஸ் விதையை எழுப்பும். வாரத்துக்கு ஓர் அங்குலத் தண்ணீர், மழையையும் சேர்த்து. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்காமல் ஓரிரு முறை ஆழமாக விடுங்கள், வேர் கீழே இறங்கும்.

மிச்ச மருந்தை அதன் புட்டியிலேயே, குழந்தைகள் கைக்கு எட்டாத, உறையாத இடத்தில் வையுங்கள். தண்ணீர்ப் புட்டியில் மாற்றி ஊற்றுவது கூடவே கூடாது. இனி வேண்டாம் என்றால் சிங்க்கிலோ தெருச் சாக்கடையிலோ ஊற்றாமல், உங்கள் கவுண்டி வீட்டு அபாயக் கழிவுகளைச் சேகரிக்கும் நாளில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.