கிரிப்டோ வைத்திருப்பவர் இறந்தால்: நம் வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1995 ஒக்டோபர் 30 இரவு போரால் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்து வலிகாமமே நாவற்குழிப் பக்கமாக நடந்தபோது, பலர் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு போனது காணி உறுதிகள் வைத்த பையைத்தான். அந்தப் பை தொலைந்தவர்களுக்கும் பிறகு ஒரு வழி இருந்தது. காணிப் பதிவகத்திலோ நொத்தாரிசிடமோ பிரதி இருக்கும், அலைந்து திரிந்தாவது எடுக்கலாம். கிரிப்டோ என்னும் இணைய நாணயங்களுக்கு அப்படி ஒரு கந்தோர் இல்லை. 2009 ஜனவரியில் பிட்கொயின் தொடங்கியதே, நடுவில் வங்கியோ அரசோ இல்லாமல் பணம் கைமாற வேண்டும் என்பதற்காகத்தான். அதனால் உரியவர் கண்ணை மூடிவிட்டால், இறப்புச் சான்றிதழோடு மனைவி போய் நிற்பதற்கு ஓர் இடமும் இல்லை.

திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக்காரருக்கு வேலை செய்யும் பிள்ளைகள் சிலர் சம்பளத்தை டெதரில், அதாவது டொலர் மதிப்பை ஒட்டி வைத்த கிரிப்டோ நாணயத்தில், வாங்குகிறார்கள். லண்டனில் இருக்கும் அண்ணா சொன்னதற்காகக் கொஞ்சம் பிட்கொயின் வாங்கிப் போட்டவர்களும் உண்டு. பெரும்பாலும் இளவயது. சாவைப் பற்றிப் பேசுகிற வயதா இது என்று கேட்கலாம். ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளில் ஓடித் திரிகிற வயதும் அதுதான்.

சொத்து யாருக்கு என்பதைச் சட்டம் சொல்லும். அதைத் திறக்கும் திறப்பைச் சட்டத்தால் செய்து தர முடியாது. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் கவனித்து மற்றதை விட்டுவிடுவதால்தான் அநேகமான இழப்புகள் வருகின்றன.

வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் வைத்திருப்பது

மிகப் பெரிய தவறு இதுதான். தொழில்நுட்பத் தவறுகள் எல்லாம் இதற்குப் பிறகுதான். அப்பா இதைச் சூது என்பார், அம்மா பயப்படுவா என்று பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. இலங்கை மத்திய வங்கியும் 2018 முதல் பல தடவை எச்சரிக்கை அறிவித்தல் விட்டிருக்கிறது. இங்கே எந்த நிறுவனத்துக்கும் கிரிப்டோ நடத்த அனுமதி கொடுக்கவில்லை என்றும், வங்கி அட்டைகளால் அதற்குப் பணம் செலுத்தக் கூடாது என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பயமும் சேர்ந்து, கள்ளச் சாமானை ஒளிப்பதுபோல் ஒளித்து வைக்கிறார்கள். அந்தியேட்டி முடிந்த பிறகு, "போனுக்குள்ள ஏதோ காசு வச்சிருந்தவன் எண்டு அவன்ர கூட்டாளி சொல்லுறான்" என்று வீட்டார் தேடத் தொடங்குவார்கள்.

எவ்வளவு இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. இருக்கிறது என்று சொன்னால் போதும். ஒரு தாளில், எந்த வொலட் (நாணயத்தைக் கையாளும் செயலி அல்லது கருவி), எந்த எக்ஸ்சேஞ்ச் (நாணயம் வாங்கி விற்கும் நிறுவனம்), எந்த நாணயம், எந்த வலையமைப்பு (நாணயம் கைமாறும் பாதை), வொலட்டைத் திறக்கும் மீட்புச் சொற்கள் எங்கே உள்ளன, விளங்காவிட்டால் யாரைக் கேட்பது என்று எழுதுங்கள். சொற்களை அந்தத் தாளில் எழுத வேண்டாம், அவை இருக்கும் இடத்தை மட்டும் எழுதுங்கள். வருடத்துக்கு ஒருமுறை அதைத் திருத்துங்கள்.

மீட்புச் சொற்களில் நடக்கும் பிழைகள்

வொலட்டை முதன்முதலில் திறக்கும்போது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களை அது காட்டும். 2048 சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலில் இருந்து வருபவை அவை. அவற்றை வரிசை மாறாமல் இன்னொரு போனில் அடித்தால் பணம் முழுவதும் அங்கே வந்துவிடும். அவைதான் திறப்பு. போனோ, சிலர் வொலட்டாக வைத்திருக்கும் யூஎஸ்பி போன்ற சிறு கருவியோ திறப்பல்ல. லெட்ஜர் என்ற அப்படியான கருவியில் பின் இலக்கத்தை மூன்று தடவை பிழையாக அடித்தால் அது தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். சொற்கள் கையில் இருந்தால் அதனால் ஒரு நட்டமும் இல்லை. சொற்கள் இல்லாத வீட்டில், பிறந்த வருடம், கல்யாண நாள் என்று ஊகித்து அடிக்கத் தொடங்கினால் மூன்றாம் தடவையோடு கதை முடிந்தது. ஆகவே கருவியைத் தாயிடம் கொடுத்துப் பின் இலக்கத்தையும் சொல்லிவிட்டேன் என்பவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

கோண்டாவிலில் ஒரு வீட்டில் மீட்புச் சொற்களை எழுதிய கொப்பி ஒன்றைப் பார்த்தேன். ஒற்றை றூள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், பென்சிலால், இரண்டு நிரலாகப் பன்னிரண்டு சொற்கள். இலக்கம் போடவில்லை. தம்பிக்காரன் குறுக்காக வாசித்து அடித்துப் பார்த்திருக்கிறான், வொலட் பிழை என்றது. அண்ணன் வேண்டுமென்றே மாற்றி எழுதிவிட்டான் என்று வீட்டில் பேச்சு. முதல் நிரலை மேலிருந்து கீழாக முடித்து, பிறகு இரண்டாவதை வாசித்தபோது திறந்தது. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. 12 சொற்களை வரிசை மாற்றி அடித்தால் பெரும்பாலும் வொலட் மறுத்துவிடும், ஆனால் பதினாறில் ஒரு தடவை ஏற்றுக்கொண்டு வேறொரு வெற்று வொலட்டைத் திறந்து காட்டும். வீட்டார் அதைப் பார்த்துவிட்டுப் பணம் இல்லை என்று கைவிட்டுவிடுவார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் இலக்கம் போடுவது ஒரு நிமிட வேலை.

பேனையால், தனித்தனி எழுத்தாக எழுதுங்கள். க்விட், க்விஸ் இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு, கடைசி எழுத்து மங்கினால் எது என்று தெரியாது. அம்மாவுக்கு வாசிக்க லேசாக இருக்கட்டும் என்று தமிழ் எழுத்தில் எழுதிவைப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ‘சரி’ என்ற பொருளில் வரும் ரைட்டும், ‘எழுது’ என்ற பொருளில் வரும் ரைட்டும் இரண்டுமே பட்டியலில் உள்ளன, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று. இந்தச் சொற்பட்டியல் ஜப்பானியம், கொரியம், பிரெஞ்சு போன்ற சில மொழிகளிலும் உண்டு. தமிழில் இல்லை.

சொற்களைப் போனில் படம் எடுத்து வைப்பதும், தனக்குத்தானே வட்ஸ்அப்பில் அனுப்பி வைப்பதும் திறப்பைப் படலைக் கொளுக்கியில் மாட்டிவிட்டுப் போவதற்குச் சமம். படம் கூகுள் கணக்குக்குப் போகும், அந்தக் கணக்கு யாரிடமாவது மாட்டினால் நீங்கள் உயிரோடு இருக்கும்போதே பணம் போய்விடும்.

பாதிச் சொற்களை அம்மாவிடமும் பாதியை ஸ்காபரோவில் இருக்கும் அண்ணாவிடமும் கொடுப்பது கெட்டித்தனமாகத் தெரியும். ஒரு பாதி தொலைந்தால் மற்றப் பாதி வெறும் தாள். அப்படிப் பிரிக்கத்தான் வேண்டும் என்றால் அதற்கென்றே முறை உண்டு: அடி ஷமீர் என்ற கணிதவியலாளர் 1979இல் வெளியிட்டது. மூன்று பங்காக்கி, எந்த இரண்டு சேர்ந்தாலும் திறக்கும்படி செய்யலாம். ட்ரெஸர் என்ற வொலட் கருவிகள் சிலவற்றில் அந்த வசதி இருக்கிறது. ஆனால் அதை இயக்கத் தெரிந்த ஒருவராவது வீட்டில் இல்லையென்றால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மாரி மழையின் ஈரத்துக்கும் கறையானுக்கும் தாக்குப்பிடிக்கும் ஓர் உருக்குத் தகட்டில் சொற்களைப் பொறித்து, இரும்புப் பெட்டகத்திலோ வங்கிப் பாதுகாப்புப் பெட்டகத்திலோ வைப்பது நம் வீடுகளுக்குப் பொருந்தும். வங்கிப் பெட்டகம் தனிப் பெயரில் இருந்தால், இறப்புக்குப் பிறகு நீதிமன்றப் பத்திரம் இல்லாமல் திறக்க விடமாட்டார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

சிலர் 24 சொற்களுக்கு மேல் தாங்களே ஒரு இரகசியச் சொல்லையும் சேர்ப்பார்கள். அதை மனதில் மட்டும் வைத்திருந்து இறந்தால் வரும் வினை கொடியது. பிழையான இரகசியச் சொல்லை அடித்தாலும் வொலட் பிழை என்று சொல்லாது, ஒரு வெற்று வொலட்டைத் திறந்து காட்டும். பிள்ளைகள் மீட்புச் சொற்களை ஒழுங்காகப் போட்டிருப்பார்கள், உள்ளே பூச்சியம் நிற்கும். யார் எடுத்தது என்று சகோதரங்களுக்குள் சண்டை மூளும். ஒருவரும் எடுத்திருக்கமாட்டார்கள். அந்தச் சொல் ஒன்று இருக்கிறது என்றாவது தாளில் எழுதுங்கள், சொல்லை வேறோர் இடத்தில் வையுங்கள்.

இவ்வளவையும் செய்தவர்கள்கூட ஒத்திகை பார்ப்பதில்லை. பத்து டொலர் மட்டும் போட்ட ஒரு வொலட்டின் சொற்களை மனைவியிடமோ தங்கையிடமோ கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் பக்கத்தில் இருங்கள். வேறு போனில் அவர் அதைத் திறந்து உங்களுக்குத் திருப்பி அனுப்பட்டும். எங்கே தடுமாறுகிறாரோ அதைத் தாளில் சேர்த்து எழுதுங்கள்.

எக்ஸ்சேஞ்சில் இருக்கிறதே, அவர்கள் தருவார்கள் என்று இருப்பது

எக்ஸ்சேஞ்ச் ஒரு நிறுவனம் என்பதால் கேட்பதற்கு ஆளாவது உண்டு, உண்மைதான். ஆனால் அந்த நிறுவனமே உங்களுக்கு முன் போய்விடலாம். கனடாவின் குவாட்ரிகா எக்ஸ்சேஞ்சின் நிறுவனர் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூரில் இறந்தபோது, திறப்புகள் அவருக்கு மட்டுமே தெரியும் என்றது நிறுவனம். 76,000க்கு மேற்பட்டவர்களின் பணம் முடங்கியது. 2020இல் ஒன்ராறியோப் பங்குப் பத்திர ஆணைக்குழு விசாரித்துச் சொன்னது, இழப்பில் பெரும்பகுதி அவருடைய மோசடியால் வந்தது என்று. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற பெரிய எக்ஸ்சேஞ்சும் விழுந்தது.

எக்ஸ்சேஞ்ச் நல்ல நிலையில் இருந்தாலும் வாரிசிடம் இறப்புச் சான்றிதழ், நீதிமன்றப் பத்திரம், அடையாள ஆவணங்கள் கேட்பார்கள். நம் ஆட்கள் மாட்டுப்படுவது பெயரில். கணக்கு பாஸ்போட்டில் உள்ள ஆங்கில எழுத்தில் இருக்கும், தகப்பன் பெயர் முன்னாலோ பின்னாலோ நிற்கும். இறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். மொழிபெயர்ப்பாளர் தன் வழக்கப்படி எழுதினால் இரண்டு வேறு ஆட்கள் போலத் தெரியும். மொழிபெயர்க்கக் கொடுக்கும்போதே பாஸ்போட் பிரதியையும் கொடுத்து, அதே எழுத்துக்கூட்டலில் கேட்டு வாங்குங்கள்.

மரணசாதனமும் தேசவழமையும்

மீட்புச் சொற்களை மரணசாதனத்தில் (உயிலில்) எழுதுவது ஆபத்து. அது நொத்தாரிசின் கையில் இருக்கும், பிறகு மாவட்ட நீதிமன்ற வழக்குக் கோப்புக்குப் போகும். பார்ப்பவர் எவரும் எடுக்கலாம். மரணசாதனத்தில், என் கிரிப்டோச் சொத்துகள் இன்னாருக்கு என்று மட்டும் எழுதுங்கள்.

எழுதாமல் விடுவதும் தவறு. போனில் பதிந்துவைத்த குரலோ மின்னஞ்சலோ மரணசாதனம் ஆகாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் முன்னிற்க ஒப்பமிட வேண்டும், நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் வேண்டும். எழுதாமல் இறந்தால், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட குடும்பங்களில், 1947இல் திருத்தப்பட்ட 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, இறந்தவரின் தேடிய தேட்டத்தில் (கலியாண காலத்தில் தேடிய சொத்தில்) பாதி உயிரோடு இருக்கும் துணைக்கும் மற்றப் பாதி வாரிசுகளுக்கும் போகும். கலியாணத்துக்குப் பிறகு உழைத்த காசில் வாங்கிய கிரிப்டோவைத் தேடிய தேட்டமாகப் பார்க்கவே இடமுண்டு, இதைச் சட்டத்தரணியிடம் பேசி உறுதிசெய்யுங்கள். சொற்கள் கையில் இருப்பதால் மூத்த மகன் முழுவதையும் தன் வொலட்டுக்கு மாற்றிவிடலாம். அது அவனுக்கு உரித்தாகிவிடாது, தாயும் சகோதரங்களும் வழக்குப் போடலாம். கனடாவில் வசிப்பவராக இருந்து இறந்தால் அந்த நாட்டு வருமானவரிக் கணக்கில், பொதுவாக இறப்புக்குச் சற்று முன் சந்தை விலைக்கு விற்றதாகவே கொள்வார்கள், ஆகவே அங்கேயும் ஒரு சட்டத்தரணியைக் கேட்க வேண்டும்.

கூகுளில் செயலற்ற கணக்கு முகாமையாளர் என்ற ஏற்பாடு இருக்கிறது, நீங்கள் குறித்த மாதங்களுக்குக் கணக்கு அசையாவிட்டால் நம்பிக்கையான ஒருவருக்கு அறிவிக்கும். அதைச் செய்து வையுங்கள். அப்பிளின் மரபுத் தொடர்பாளர் ஏற்பாடும் நல்லதுதான், ஆனால் அதன் வழியே சேமித்த கடவுச்சொற்கள் கிடைக்காது. அதை நம்பிச் சொற்களைப் போனிலேயே விட்டுவிடாதீர்கள்.

செத்தவீடு முடிந்த பிறகு

இறந்தவரின் போனைத் துடைத்து, எல்லாவற்றையும் அழித்து, தங்கச்சியின் பிள்ளைக்கு ஒன்லைன் வகுப்புக்குக் கொடுப்பது நம் வீடுகளில் சாதாரணம். வொலட்டும் உறுதிப்படுத்தும் இலக்கம் தருகிற செயலியும் அதோடு போய்விடும். போனை அப்படியே சார்ஜ் போட்டு வையுங்கள். சிம்முக்கு ரீலோட் போட்டுக்கொண்டே இருங்கள், விட்டால் இலக்கம் துண்டிக்கப்பட்டு வேறொருவருக்குப் போகலாம், எக்ஸ்சேஞ்சின் எஸ்எம்எஸ்ஸும் அவருக்கே போகும். கொப்பிகள், கடித உறைகள், பழைய டயறிகள் எதையும் எரிக்க வேண்டாம்.

மரண அறிவித்தலில் நாம் மகனின் கனடா இலக்கம், மருமகனின் சுவிஸ் இலக்கம் எல்லாம் போடுவோம். அதைப் பார்த்து ஒருவர் அழைத்து, தொலைந்த கிரிப்டோவை மீட்டுத் தருகிறோம் என்று முன்பணமோ மீட்புச் சொற்களோ கேட்டால் அவர் திருடர். உண்மையான எக்ஸ்சேஞ்சோ வொலட் நிறுவனமோ அந்தச் சொற்களை ஒருபோதும் கேட்காது.

வொலட் திறந்ததும் முழுத்தொகையையும் ஒரேயடியாக அனுப்பாதீர்கள். டெதர் ட்ரொன் வலையமைப்பிலும் இருக்கும், எதீரியத்திலும் இருக்கும். வாங்கும் பக்கம் ஏற்காத வலையமைப்பில் அனுப்பினால் பணம் சிக்கிவிடும். ட்ரொனில் அனுப்புவதற்குக் கட்டணமாகக் கொஞ்சம் ட்ரொன் நாணயமும் வொலட்டில் வேண்டும், டெதர் மட்டும் இருந்தால் பொதுவாக நகராது. சிறு தொகை ஒன்றை அனுப்பி, போய்ச் சேர்ந்ததைப் பார்த்து, பிறகு மிச்சத்தை அனுப்புங்கள். ஆளுக்கு ஆள் விற்கும்போது, வாங்குபவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷொட்டை நம்பி டெதரை விடுவிக்க வேண்டாம். உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து, காசு வந்திருக்கிறதா, அது அவருடைய பெயரில்தான் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறொருவர் பெயரில் வந்தால் அந்த விற்பனையை நிறுத்திவிடுங்கள்.