தேங்காய் நார்க்கழிவில் வளரும் துஜா, அரக்கேரியா ஆகிய ஊசியிலை அலங்கார மரங்களுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்)

மண்ணில்லாத் தொட்டியில் யூரியாவை நம்ப வேண்டாம். அது வேருக்குப் பயன்பட முதலில் நுண்ணுயிர்கள் மாற்ற வேண்டும். புது நார்க்கழிவில் அவை குறைவு. போதாததற்கு, நார் மட்கும்போது அதுவும் தழைச்சத்தைப் பிடித்துவைக்கும்.

முதலில் 5 கிலோ நார்க்கட்டியை 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கலந்த நீரில் ஒரு நாள் ஊறவைத்து, நல்ல நீரில் அலசுங்கள். நாரிலுள்ள சோடியமும் பொட்டாசியமும் வெளியேறும். இதைத் தவிர்த்தால் பின்னால் எந்த உரமும் சரியாக வேலை செய்யாது.

பிறகு 10 லிட்டர் நீருக்கு கால்சியம் நைட்ரேட் 3 கிராம், பொட்டாசியம் நைட்ரேட் 2.5 கிராம், அம்மோனியம் சல்பேட் 1 கிராம். இது சுமார் 100 பிபிஎம் (லிட்டருக்கு 100 மில்லிகிராம்) தழைச்சத்து. வாரம் இருமுறை, அடியில் ஐந்தில் ஒரு பங்கு வடியும் அளவு ஊற்றுங்கள். அடர்கரைசலாகச் சேர்த்து வைக்காதீர்கள்: கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்து ஜிப்சமாக அடியில் படியும். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) நுண்ணூட்டமும் தனியே தர வேண்டும்.

அடியிலுள்ள பழைய இலைகள் வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. நுனித் தளிர் மட்டும் மஞ்சளானால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. போர் நீரின் காரத்தன்மைதான் வழக்கமான காரணம். அப்போது உரத்தைக் கூட்டுவது வீண். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புநீர் என்றால் மழைநீரைக் கலந்துகொள்ளுங்கள்.

ஐப்பசி அடைமழையில் நைட்ரேட் கரைந்தோடிவிடும். மழை விட்டு, தொட்டியின் ஈரம் சற்றுக் குறைந்ததும் ஒருமுறை ஊற்றுங்கள்.