தமிழ்99: எழுத்தே தொழிலானவர்கள் இரண்டு வாரத்தில் பழகும் வழி

வீட்டிலிருந்து எழுதிச் சம்பாதிப்பவருக்குக் கடையும் பட்டறையும் விசைப்பலகைதான். ஆனால் பலரும் இன்னும் தமிழை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்தே தட்டுகிறார்கள். வாட்ஸப்பில் நாலு வரி அனுப்ப அது போதும். நாளுக்கு ஆயிரம், இரண்டாயிரம் சொல் எழுத வேண்டியவருக்கு அதில் இரண்டு தொல்லை. ஒன்று, விசைகள் அதிகம். இன்னொன்று, ன-ண-ந, ல-ள-ழ, ர-ற ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் தனி எழுத்து கிடையாது. ஷிப்டை அழுத்தியும், சம்பந்தமில்லாத எழுத்தைக் கடன் வாங்கியும்தான் சமாளிக்க வேண்டும். அவசரத்தில் ஷிப்ட் நழுவினால் பள்ளி பல்லியாகிவிடும். பிழைதிருத்தும்போது கண்ணுக்கும் தப்பிவிடும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையில் 12 உயிருக்கும் 18 மெய்க்கும் ஆளுக்கொரு விசை உண்டு. ஷிப்ட் தேவைப்படுவது ஆய்தத்துக்கும் கிரந்த எழுத்துகளுக்கும் சில நிறுத்தக்குறிகளுக்கும்தான். ஒலிபெயர்ப்பில் 'வணக்கம்' எட்டு விசை, கூடவே ஒரு ஷிப்ட். தமிழ்99-இல் ஆறு விசை. முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். அதைத் தாண்டினால் போதும்.

கணினியில் சேர்த்தல்

விண்டோஸ் 10, 11: செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் பகுதிக்குப் போய், லாங்குவேஜ் பக்கத்தில் தமிழைச் சேருங்கள். சேர்க்கும்போது விண்டோஸின் காட்சி மொழியாகவும் தமிழை மாற்றவா என்று ஒரு கட்டம் கேட்கும்; மெனுக்கள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும் என்றால் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். பிறகு தமிழுக்கான லாங்குவேஜ் ஆப்ஷன்ஸில் 'தமிழ் 99' விசைப்பலகையைச் சேருங்கள். தமிழோடு தானாக வந்து உட்காரும் வேறு விசைப்பலகையை அங்கேயே நீக்கிவிடுங்கள். நீக்காவிட்டால் விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் பாரும் அழுத்தி மொழி மாற்றும்போதெல்லாம் மூன்றாவதாக ஒன்று குறுக்கே வரும். ஆங்கிலம் ஒன்று, தமிழ்99 ஒன்று, அவ்வளவுதான் இருக்க வேண்டும்.

மேக்: சிஸ்டம் செட்டிங்ஸ், கீபோர்டு, இன்புட் சோர்ஸஸ் என்று போனால் தமிழின் கீழ் அஞ்சல் என்ற ஒலிபெயர்ப்பு விசைப்பலகையும் தமிழ்99-உம் தயாராக இருக்கும். உபுண்டு போன்ற லினக்ஸில் ஐபஸ்-எம்17என் தொகுப்பை நிறுவி, உள்ளீட்டு மூலங்களில் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுங்கள்.

சேர்த்த உடனே ஒரு சோதனை. நோட்பேடைத் திறந்து ம விசையை, அதாவது ஆங்கிலத்தில் கே இருக்கும் விசையை, இரண்டு முறை தட்டுங்கள். 'ம்ம' என்று வந்தால் சரி. 'மம' என்று வந்தால் அந்த விசைப்பலகையில் தானாகப் புள்ளி வைக்கும் வசதி இல்லை. தமிழ்99-இன் பாதிப் பலன் அங்கேயே போய்விடும். அப்படியானால் அதை நீக்கிவிட்டு இ-கலப்பை அல்லது என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். இரண்டும் இலவசம்.

எந்த எழுத்து எங்கே

இடக்கைக்கு உயிர், வலக்கைக்கு மெய் என்பதுதான் அடிப்படை. வ, ங இரண்டு மட்டும் கீழ்வரிசையில் இடக்கைப் பக்கம் ஒதுங்கியிருக்கும்.

நடுவரிசை, இடமிருந்து வலம்: அ, இ, உ, புள்ளி, எ, க, ப, ம, த, ந, ய.
மேல்வரிசை: ஆ, ஈ, ஊ, ஐ, ஏ, ள, ற, ன, ட, ண, ச, ஞ.
கீழ்வரிசை: ஔ, ஓ, ஒ, வ, ங, ல, ர. அதன்பின் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் பழைய இடத்திலேயே, கடைசியில் ழ.

மேல்வரிசையையும் நடுவரிசையையும் சேர்த்துப் பாருங்கள். அகரத்துக்கு நேர் மேலே ஆ, இகரத்துக்கு மேலே ஈ, உகரத்துக்கு மேலே ஊ, எகரத்துக்கு மேலே ஏ. குறில் தெரிந்தால் நெடிலைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். எஃப், ஜே விசைகளில் விரலுக்குத் தட்டுப்படும் சிறு மேடு இருக்கும். இடது ஆள்காட்டி விரல் எஃப் மீது, அங்கே புள்ளி. வலது ஆள்காட்டி விரல் ஜே மீது, அங்கே ப. கண்ணை மூடிக்கொண்டே கை இங்கே திரும்பிவர வேண்டும்.

ஷிப்டோடு எஃப் அழுத்தினால் ஆய்தம். ஷிப்டோடு மேல்வரிசையின் முதல் ஆறு விசைகள் முறையே ஸ, ஷ, ஜ, ஹ, க்ஷ, ஸ்ரீ. அரைப்புள்ளி, மேற்கோள் விசைகளில் ந-வும் ய-வும் உட்கார்ந்துவிட்டதால் அந்தக் குறிகள் ஷிப்டுக்குள் போயிருக்கும். இடம் மென்பொருளுக்கு மென்பொருள் மாறலாம் என்பதால் வலக்கை விசைகளை ஷிப்டோடு ஒருமுறை வரிசையாகத் தட்டிப் பார்த்து, ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வையுங்கள்.

விசைகள் மீது தமிழ் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். ஒட்டினால் பார்வை கீழேயே போகும், ஆறு மாதமானாலும் நிமிராது. எழுத்து வரிசையை ஒரு தாளில் பெரிதாக அச்சிட்டுத் திரையின் கீழ் விளிம்பில் ஒட்டுங்கள்.

ஐந்து விதிகள்

முதலாவது, மெய்க்குப் பிறகு உயிரைத் தட்டினால் உயிர்மெய். க, இ தட்டினால் கி. க, ஒ தட்டினால் கொ. கொம்பு, கால் என்று தனித்தனியாக எதையும் போட வேண்டாம். தட்டச்சு இயந்திரத்தில் பழகியவர்களுக்கு முதலில் கை தடுமாறுவது இங்கேதான்.

இரண்டாவது, மெய்யை மட்டும் தட்டினால் அகரம் ஏறிய எழுத்து. புள்ளி வேண்டுமென்றால் அடுத்து எஃப். 'தமிழ்' எழுத த, ம, இ, ழ, புள்ளி என ஐந்து விசை.

மூன்றாவது, ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முதலாவதுக்குத் தானே புள்ளி விழும். அ, ம, ம, ஆ தட்டினால் 'அம்மா'.

நான்காவது, மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. 'இந்தியா' எழுத இ, ந, த, இ, ய, ஆ போதும். இந்த ஆறு சோடிகளுக்கு மட்டுமே இந்தச் சலுகை. 'அன்பு', 'நண்பர்' ஆகியவற்றில் புள்ளியை நீங்கள்தான் வைக்க வேண்டும்.

ஐந்தாவது விதியைத்தான் புதியவர்கள் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். தானாக விழும் புள்ளி வேண்டாத இடத்தில், நடுவே அகர விசையைத் தட்ட வேண்டும். 'நதி' எழுத ந, த, இ தட்டினால் 'ந்தி' என்று வந்து நிற்கும். ந, அ, த, இ தட்டினால் 'நதி'. 'பப்பாளி'க்கு ப, அ, ப, ப, ஆ, ள, இ. 'ததும்பு'வுக்கு த, அ, த, உ, ம, ப, உ. 'நிதி'யில் இந்தச் சிக்கல் வராது; ந-வுக்கும் த-வுக்கும் நடுவே இகரம் ஏற்கெனவே நிற்கிறது. தமிழ்99-இல் பிழை வருகிறது என்று கைவிட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இந்த ஒரு விதிதான் விட்டுப்போயிருக்கும்.

இரண்டு வாரப் பயிற்சி

காலையில் 20 நிமிடம், மாலையில் 20 நிமிடம். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காராதீர்கள். களைத்த விரல் தவறான இடத்தையே பழகிக்கொள்ளும்.

முதல் மூன்று நாள் நடுவரிசை மட்டும். அதை வைத்தே முழுச் சொற்கள் எழுதலாம்: அது, இது, எது, அந்த, இந்த, தம்பி, கம்பி, பந்து, பக்கம், பயம், நகம், தகுதி, மிகுதி. ஒவ்வொரு சொல்லும் பத்து முறை, திரையைப் பார்த்துக்கொண்டு. வேகம் வேண்டாம்.

நான்காம் நாளிலிருந்து மேல்வரிசை: ஆடு, ஈட்டி, ஊசி, ஏணி, ஐயம், பள்ளி, மன்றம், பஞ்சு, கண்டேன். ஏழாம் நாளிலிருந்து கீழ்வரிசை: வரி, மழை, ஓலை, ஒளி, பழம், நாங்கள், எழுத்தாளர். பத்தாம் நாளில் கிரந்தம்; அதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை.

கடைசி நான்கு நாள் செய்தித்தாளின் ஒரு பத்தியைப் பார்த்துத் தட்டுங்கள். ஒரு பத்திக்கு எத்தனை முறை பேக்ஸ்பேஸ் அழுத்தினீர்கள் என்று மட்டும் எண்ணுங்கள். அது குறையக் குறைய வேகம் தானே ஏறும்.

கெடு வைத்த வேலையை இந்த இரண்டு வாரமும் பழைய முறையிலேயே முடித்துக் கொடுங்கள். மின்னஞ்சல், நாட்குறிப்பு, மளிகைப் பட்டியல் இவற்றைத் தமிழ்99-இல் எழுதுங்கள். பதினைந்தாம் நாள், அவசரமில்லாத ஒரு கட்டுரையோடு முழுவதுமாக மாறிவிடுங்கள். அதற்குப் பிறகு திரும்பிப் போகாதீர்கள்; இரண்டையும் மாற்றி மாற்றிப் பழகுவதைப் போல விரலைக் குழப்புவது வேறில்லை.

கைக்கு ஒரு எச்சரிக்கை

ந, ய, ண, ச, ஞ, ழ ஆறும் வலது சுண்டுவிரலின் பங்கு. தமிழில் இவற்றில் பல அடிக்கடி வரும் என்பதால் மூன்று மணி நேரத்துக்கு மேல் எழுதினால் அந்த விரலின் பக்கவாட்டில் வலி தெரியலாம். விரலை மட்டும் நீட்டாமல் கையையே சற்று வலப்புறம் நகர்த்துங்கள். ச, ண இரண்டையும் மோதிர விரலால் தட்டினால் யாரும் அபராதம் போட மாட்டார்கள். மடிக்கணினியில் எழுதுபவர்கள் தனி விசைப்பலகை ஒன்று வாங்கிக்கொண்டு, கணினியை நாலைந்து தடிமனான புத்தகங்கள் மேல் ஏற்றி வைத்தால் கழுத்துக்கும் நல்லது. முழங்கை ஏறத்தாழ செங்கோணத்தில் மடங்கியிருக்க வேண்டும்.

எங்கே சிக்கும்

கணினியைத் திறக்கும்போது கடவுச்சொல் தவறு என்று வந்தால் பதறாமல் மொழிச் சின்னத்தைப் பாருங்கள். தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருக்கலாம்.

'ஔவை' எழுத ஔ விசையைத்தான் தட்ட வேண்டும். ஒ, ள என்று இரண்டாகத் தட்டினாலும் திரையில் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் கணினிக்கு அது வேறு சொல். தேடினால் அகப்படாது, அகரவரிசையிலும் இடம் மாறி உட்காரும். 'கௌரி'க்கும் க, ஔ, ர, இ.

'கி'யில் பேக்ஸ்பேஸ் அழுத்தினால் பொதுவாக விசிறி மட்டும் போய் க நிற்கும். உயிரை மட்டும் மாற்றினால் போதும் என்றால் இது வசதி. டெலீட் விசை முழு எழுத்தையும் எடுத்துவிடும்.

வேர்டில் எழுத்தளவை மாற்றியும் தமிழ் அசையாமல் நின்றால், கன்ட்ரோலோடு டி அழுத்தி வரும் பெட்டியில் காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்ற தனிப் பகுதியைப் பாருங்கள். தமிழின் எழுத்துருவும் அளவும் அங்கேதான் இருக்கும். லிபர் ஆபிஸில் இதற்கு சிடிஎல் எழுத்துரு என்று பெயர்.

பத்திரிகைக்கு அனுப்பும்போது

இந்த முறையில் எழுதுவதெல்லாம் யுனிகோட், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு. சில அச்சகங்களும் இதழ்களும் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கேட்கும். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் ஒளிந்திருக்கும்; எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தெரிவது அதனால்தான். கட்டுரையை யுனிகோடில் எழுதிப் பிழைதிருத்தி முடித்த பிறகு, ஒரு நகலை மட்டும் எழுத்துரு மாற்றும் மென்பொருளில் இட்டு மாற்றிக் கொடுங்கள். மாற்றிய நகலில் திருத்தம் செய்யாதீர்கள். திருத்தம் வந்தால் மூலத்தில் செய்துவிட்டு மறுபடி மாற்றுங்கள். இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் இணைய முகவரிகளும் பாமினி எழுத்துருவில் அர்த்தமில்லாத தமிழாகத் தெரியும்; அவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து வேறு எழுத்துருவுக்கு மாற்ற வேண்டும்.

யுனிகோடையே வாங்கிக்கொள்ளும் இடத்திலிருந்தும் சில நேரம் "கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய்விட்டது" என்று அழைப்பு வரும். உங்கள் கோப்பில் கோளாறில்லை. அவர்கள் இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டியிருந்தால், பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்து, தமிழ் யுனிகோட் எழுத்துரு ஒன்றையும் கொடுக்கச் சொல்லுங்கள். கொம்பு இடத்துக்கு வந்துவிடும். வேர்டு கோப்போடு பிடிஎஃப் ஒன்றையும் சேர்த்தே அனுப்பினால், எழுத்து எப்படித் தெரிய வேண்டும் என்பதை அவர்கள் அதிலேயே ஒப்பிட்டுக்கொள்வார்கள்.