காபிக்கொட்டை வாசம் போகாமல் இருக்க

சில வருடம் முன்பு சிக்கமகளூர் போயிருந்தபோது, விலை சகாயமாக இருக்கிறதே என்று வறுத்த பீபெரி (பழத்துக்குள் ஒற்றையாக விளைகிற உருண்டைக் காபிக்கொட்டை) இரண்டு கிலோ வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் காபி குடிப்பது இரண்டே பேர். முதல் பத்து நாள் மாடிப்படி வரைக்கும் மணத்தது. இரண்டாவது மாதம் டிகாக்‌ஷன் கறுப்பாக இறங்கியதே தவிர வாசத்தைக் காணோம், கடைசி அரைக் கிலோவில் பழைய எண்ணெய் வாடையே வந்துவிட்டது. அதனால் டப்பா பேச்சுக்கு முன்னால் அளவு. இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துபோகிற மாதிரி மட்டும் வாங்குங்கள். கவரில் வறுத்த தேதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வறுத்த கொட்டைக்குக் காற்று, ஈரம், சூடு, வெளிச்சம் நாலும் ஆகாது. இதில் பெரிய வில்லன் காற்றுதான். அரைத்துவிட்டால் காற்று படுகிற பரப்பு பல மடங்காகிவிடும், அதனால்தான் வாரக்கணக்கில் தாங்குகிற கொட்டை தூளானதும் சில நாளில் சப்பென்று ஆகிவிடுகிறது. முடிந்தால் அன்றன்றைக்கு அரையுங்கள். மிக்ஸியே போதும், சின்ன ஜாரில் விட்டு விட்டு ஓட்டினால் தூள் சூடேறாது. மிளகாய் அரைக்கிற ஜார் மட்டும் வேண்டாம்!

சில கவர்களில் பட்டன் மாதிரி ஒரு வால்வு இருக்கும். வறுத்த கொட்டை பல நாளுக்குக் கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும், அதை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாமல் தடுப்பதற்குத்தான் அது. அப்படிப்பட்ட கவரென்றால் பிரித்துக் கொட்டாதீர்கள், காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை மடித்து, கிளிப் போட்டு அப்படியே டப்பாவுக்குள் வையுங்கள். காகிதக் கவரென்றால் மூடி இறுக்கமான எவர்சில்வர் சம்படத்துக்கு மாற்றிவிடலாம். ஆனால் பெரிய சம்படத்தில் கால்வாசிக் கொட்டை இருந்தால் மிச்சம் முக்கால்வாசியும் காற்றுதானே? இரண்டு சின்ன டப்பா வைத்துக்கொண்டு, தினமும் திறப்பதற்கு ஒன்று, மூடியே வைப்பதற்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். பழையதன் மேல் புதுசைக் கொட்டக் கூடாது, டப்பாச் சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு புதுக் கொட்டையையும் கெடுக்கும். கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகு நிரப்புங்கள்.

வைக்கிற இடம்? அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரி கைக்கு எட்டும், ஆனால் ஆவியும் சூடும் அங்கேதான் போகும். பெருங்காயம், மசாலா பக்கத்திலும் வேண்டாம், காபி எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். கண்ணாடி பாட்டிலென்றால் கதவு மூடுகிற அலமாரிக்குள்.

அப்புறம் ஃப்ரிட்ஜ். நானும் வைத்துப் பார்த்து, தோசைமாவு வாடையோடு காபி குடித்தேன். வாடையை விட ஈரம் மோசம், குளிர்ந்த டப்பாவைத் திறந்ததும் உள்ளே வியர்த்துவிடும், சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் கேட்கவே வேண்டாம். யாராவது அன்பாக ஒரு கிலோ கொண்டுவந்து கொடுத்துவிட்டால் மட்டும் ஃப்ரீசர். நூறு நூறு கிராமாக ஜிப் கவரில் காற்றில்லாமல் அடைத்து வையுங்கள், ஒன்றை எடுத்தால் அறைச் சூட்டுக்கு வரும்வரை பிரிக்காதீர்கள், எடுத்ததைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள்.

சிக்கரி சேர்ப்பவர்கள் அதைத் தனி டப்பாவில் வைத்து, ஃபில்டரில் போடும்போது கலந்துகொள்ளுங்கள். அது ஈரத்தை வேகமாக இழுத்துக் கட்டி தட்டிவிடும்.

கொட்டை இன்னும் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, அப்போதே அரைத்த தூளில் கொதி தணிந்த வெந்நீரைக் கொஞ்சம் ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் சரி. ஈரமண் மாதிரி சும்மா கிடந்தால், ஐஸும் சர்க்கரையும் தாராளமாகப் போட்டுக் கோல்டு காபியாக்கித் தீர்த்துவிடலாம். என்னுடைய அந்தக் கடைசி அரைக் கிலோ அதற்கும் லாயக்கில்லாமல், துணியில் முடிந்து செருப்பு அலமாரிக்குப் போய்ச் சேர்ந்தது.