குளோரின் நெடி அடிக்கும் குளம்: குழந்தைகளோடு இறங்கும் முன் பார்க்க வேண்டியவை

நீச்சல் குளத்தின் கதவைத் திறந்ததும் நெடி மூக்கில் ஏறினால், "இன்னைக்கு குளோரினை அள்ளிப் போட்டுட்டாங்க" என்போம். பெரும்பாலும் நடந்திருப்பது அதற்கு நேர்மாறு. போட்ட குளோரின், தண்ணீரில் இருக்கும் வியர்வைக்கும் சிறுநீருக்கும் ஈடுகொடுக்க முடியாமல் அவற்றோடு சேர்ந்து குளோரமைனாக மாறியிருக்கும். அந்த நெடி குளோரமைனுடையது. கண் சிவப்பதற்கும், கரையேறியபின் வரும் வறட்டு இருமலுக்கும் முக்கியக் காரணம் அதுதான். ஒழுங்காகப் பராமரிக்கப்படும் திறந்தவெளிக் குளத்தில் நெடி அவ்வளவாகத் தெரியாது.

ஆகவே, 'குளோரினைக் குறையுங்கள்' என்று குடியிருப்பு அசோசியேஷனில் சண்டை போட்டால் நிலைமை மோசமாகத்தான் போகும். குளோரினே வேண்டாம் என்று பாசி படிந்த குட்டைக்குப் போவதும் சரிப்படாது. 2024-இல் கேரளத்தில் மூளையைத் தின்னும் அமீபா தாக்கி இறந்த சிறுவர்களில் குட்டை, ஆற்றில் குளித்தவர்கள் உண்டு. தண்ணீரில் 1 பிபிஎம் குளோரின் இருந்தாலே ஈ.கோலை கிருமி ஒரு நிமிடத்துக்குள் செத்துவிடும். பிபிஎம் என்பது ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். குளத்தில் குளோரின் இருக்கட்டும். குளோரமைன் உருவாகாமல் பார்ப்பதும், அளவு தாறுமாறாக ஏறாமல் பார்ப்பதும், நீந்தி முடித்தபின் உடம்பிலும் முடியிலும் அது தங்காமல் பார்ப்பதும்தான் நம் வேலை.

டெஸ்ட் கிட்: மஞ்சளா, இளஞ்சிவப்பா?

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கிட்டில் இரண்டு வகைச் சொட்டு மருந்து இருக்கும். ஒன்று பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) பார்க்க, இன்னொன்று குளோரின் பார்க்க. குளோரின் மருந்து விட்டதும் தண்ணீர் மஞ்சளானால் அது ஓடிஓ வகை. அது மொத்த குளோரினை மட்டுமே காட்டும். நல்ல குளோரின் (குளோரமைனாக மாறாமல் கிருமியைக் கொல்ல மிஞ்சியிருப்பது) எவ்வளவு, குளோரமைன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பதிவேட்டில் தினமும் '2' என்று எழுதியிருந்தும் குழந்தைகளுக்குக் கண் எரிவது இதனால்தான். அந்த 2-இல் பாதி குளோரமைனாக இருக்கலாம்.

டிபிடி வகை கிட் வாங்குங்கள். இதில் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். குளத்தின் ஓரமாக மேற்பரப்பில் மொள்ளாமல், தண்ணீர் உள்ளே வரும் குழாயிலிருந்து தள்ளி, முழங்கை ஆழத்தில் மாதிரி எடுங்கள். 1-ஆம் எண் மாத்திரையைக் கையால் தொடாமல் குப்பியில் போட்டு நசுக்கினால் வரும் நிறம் நல்ல குளோரின். அதே தண்ணீரில் 3-ஆம் எண் மாத்திரையையும் போட்டு இரண்டு நிமிடம் விட்டால் வருவது மொத்தம். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் குளோரமைன். மொத்தம் 2.4, நல்லது 1.6 என்றால் குளோரமைன் 0.8. அது 0.2-க்குக் கீழ் இருந்தால் அருமை, 0.4-ஐத் தாண்டினால் அன்று குழந்தைகளை இறக்காமல் இருப்பதே மேல்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மாத்திரை போட்டதும் கணநேரம் சிவப்பு மின்னி, உடனே தண்ணீர் தெளிந்துவிட்டால் 'குளோரினே இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள். குளோரின் மிக அதிகமாக இருந்தால் அது நிறத்தையே வெளுத்துவிடும். ஒரு பங்கு குளத்து நீரில் நான்கு பங்கு குடிநீர் கேன் தண்ணீர் கலந்து மறுபடி பாருங்கள். வரும் எண்ணை ஐந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

நல்ல குளோரின் 1 முதல் 3 வரை இருக்கலாம். வெயிலில் குளோரின் சிதையாமல் காக்கும் சயனூரிக் அமிலம் குளத்தில் இருந்தால் 2-க்குக் குறையக் கூடாது. 4-க்கு மேல் போனால் இறங்க வேண்டாம். பிஎச் 7.2 முதல் 7.6 வரை இருப்பது நல்லது. 7.5-இல் குளோரினில் ஏறக்குறைய பாதிதான் கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும். 8-க்குப் போனால் கால் பங்குதான். போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் பெரும்பாலும் கடினநீர் என்பதால் குளத்தின் பிஎச் மேலேதான் இழுக்கும். பிஎச்-ஐக் கவனிக்காமல் குளோரினை மட்டும் கூட்டிக்கொண்டே போவது நம் ஊர்க் குளங்களில் அன்றாடம் நடக்கும் தவறு.

குட்டிக் குளம்தான் ஆபத்து

10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் 60,000 லிட்டர் நிற்கும். அதில் குளோரினை 1 பிபிஎம் ஏற்ற 60 கிராம் குளோரின் வேண்டும். டிசிசிஏ 90 பவுடர் (90 சதவீதம் குளோரின் தரும், சயனூரிக் அமிலமும் சேர்ந்த குளத்து மருந்து) என்றால் 67 கிராம்; புதிய பிளீச்சிங் பவுடர் என்றால் சுமார் 180 கிராம். பிளீச்சிங் பவுடர் மூட்டை பிரித்துப் பல வாரம் கிடந்தால் வீரியம் இழந்துவிடும் என்பதால் அந்தக் கணக்கை நம்ப முடியாது. கண்ணளவில் ஒரு மக்கு, அதாவது அரைக் கிலோ டிசிசிஏ கொட்டினால், ஒரே தடவையில் 7.5 பிபிஎம் ஏறிவிடும்.

பக்கத்தில் இருக்கும் குழந்தைகள் குளத்தைப் பாருங்கள். 3 மீட்டருக்கு 3 மீட்டர், அரை மீட்டர் ஆழம்: வெறும் 4,500 லிட்டர். இதற்கு 1 பிபிஎம் ஏற்ற 5 கிராம் டிசிசிஏ போதும், ஒரு டீஸ்பூன். 'சின்னக் குளம்தானே' என்று ஒரு கைப்பிடி, 50 கிராம் தூவினால் 10 பிபிஎம். காலையில் இப்படி உச்சத்தில் இருப்பது, நண்பகல் வெயிலிலும் பத்துப் பிள்ளைகளின் சிறுநீரிலும் கரைந்து மாலையில் ஒன்றுமில்லாமல் போகும். பெரிய குளத்தின் எண்ணை வைத்துச் சின்னக் குளத்தை எடைபோடாமல், அதற்குத் தனியே டெஸ்ட் எடுங்கள்.

தரையில் வெள்ளைக் குருணை தெரிகிறதா என்றும் பாருங்கள். டிசிசிஏ மெதுவாகத்தான் கரையும். காலை பேட்ச் தொடங்கும் முன் அவசரமாகத் தூவிய குருணை அடியில் தங்கியிருந்தால், அதை மிதிக்கும் பாதம் எரியும், நீச்சல் உடையில் வெளிர் புள்ளி விழும். மருந்தை இரவு குளம் மூடியபின் போட்டு, மோட்டாரை ஓடவிட்டு, காலையில் அளந்துவிட்டுத் திறப்பதே முறை.

இறங்கும் முன்

சோப்பு போட்டு நன்றாகக் குளித்துவிட்டு இறங்குவது உத்தமம். அதற்கு முடியாவிட்டால், ஒரு நிமிடம் ஷவரில் நின்று அக்குள், தொடையிடுக்கு, பிட்டம், பாதம் எல்லாம் கையால் தேய்த்துவிட்டாலே உடம்பில் உள்ள வியர்வை, பவுடர், கிரீமில் பெரும்பகுதி போய்விடும். தலையில் இரண்டு குவளை தண்ணீர் தெளிப்பதெல்லாம் கணக்கில் வராது. முடியை நல்ல தண்ணீரில் முழுக்க ஊறவிட்டால் அது குளத்து நீரைக் குறைவாகவே உறிஞ்சும். அதன்மேல் நான்கைந்து சொட்டு தேங்காய் எண்ணெயை நுனிமுடியில் தடவி, சிலிக்கான் கேப்புக்குள் அடக்கிவிடுங்கள். எண்ணெய் வழிய வழியத் தலைக்கு வைத்துக்கொண்டு இறங்கக் கூடாது. அந்த எண்ணெய் ஃபில்டர் மணலில் படியும், குளோரினையும் தின்னும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் வழக்கம் உள்ள வீடுகளில் நீச்சலை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுவது இரண்டுக்கும் நல்லது.

காட்டன் டிராயர், பனியனோடு இறங்கவிடாத குளங்கள்மேல் கோபப்பட வேண்டாம். பருத்தி அழுக்கையும் சோப்பையும் தாங்கிக்கொண்டு வரும், நூல் பிரிந்து ஃபில்டரை அடைக்கும். பிள்ளைகளுக்கு முழுக்கை வைத்த நீச்சல் உடை வாங்கினால் சன்ஸ்கிரீனை முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் தடவினால் போதும். குளத்தில் கரையும் கிரீமும் குறையும்.

காகிள்ஸ் எல்லோருக்கும் வேண்டும். கான்டாக்ட் லென்ஸோடு இறங்கவே கூடாது. அமீபா ஒன்று லென்ஸுக்கும் விழிக்கும் நடுவே தங்கி விழிவெண்படலத்தைப் புண்ணாக்கிவிடும்.

தண்ணீரில் இருக்கும்போது

ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை மேலே ஏற்றிக் கழிவறைக்கு அழைத்துப் போங்கள். 'வருதா?' என்று கேட்டால் 'வரல' என்றுதான் சொல்வார்கள். கேட்காமல் அழைத்துப் போவதே வழி. நீச்சல் டயப்பர் மலத்தைக் கொஞ்ச நேரம் தாங்கும், சிறுநீரைத் தாங்காது. அதையும் மணிக்கொருமுறை பார்த்து, குளத்தின் ஓரத்தில் வைத்து மாற்றாமல் கழிவறையில் மாற்றுங்கள்.

வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையை நிச்சயம் இறக்கக் கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி 1 பிபிஎம் குளோரினில் 10 நாள் வரைகூட உயிரோடிருக்கும். அதனால் வந்த வயிற்றுப்போக்கு என்று தெரிந்தால், நின்றபிறகும் இரண்டு வாரம் குளம் வேண்டாம்.

குளத்து நீரை விழுங்குவதில் பிள்ளைகள் பெரியவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். முக்கால் மணி நேர நீச்சலில் பெரியவர்கள் சராசரியாக 16 மில்லி, பிள்ளைகள் 37 மில்லி விழுங்கியதாக ஓர் ஆய்வில் அளந்திருக்கிறார்கள். வாயில் தண்ணீர் பிடித்துப் பீய்ச்சும் விளையாட்டை நிறுத்தி, மூக்கால் மூச்சுவிட்டுக் குமிழி ஊதப் பழக்குங்கள். நீந்தும் முன் ஒரு டம்ளர் குடிநீர் கொடுத்தால் தாகத்துக்கு விழுங்குவதாவது குறையும்.

மூடிய கூரைக்குள் இருக்கும் குளங்களில் குளோரமைன் தண்ணீருக்கு மேலேயே, நீந்துபவர் மூச்சு இழுக்கும் உயரத்தில் தேங்கி நிற்கும். கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குத் திறந்தவெளிக் குளமே தோது. இருமல் தொடங்கினால் உடனே ஏற்றி வெளிக்காற்றில் உட்கார வையுங்கள்; மருத்துவர் கொடுத்த இன்ஹேலர் பையில் இருக்கட்டும்.

'உப்புநீர்க் குளம், குளோரின் கிடையாது' என்று விளம்பரம் செய்வார்கள். உப்பை மின்சாரத்தால் பிரித்து அங்கேயே குளோரின் தயாராகிறது, அவ்வளவுதான். அதே டெஸ்ட், அதே எண்கள்.

கரையேறியபின்

துண்டைச் சுற்றிக்கொண்டு வீடு வரை வராமல், அங்கேயே ஷவரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். சோப்பு போட்டும் கையில் நெடி போகாதவர்களுக்கு வைட்டமின் சி உதவும். கால் டீஸ்பூன் அஸ்கார்பிக் அமிலப் பவுடரை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, தலையிலும் உடம்பிலும் ஊற்றி, ஒரு நிமிடம் கழித்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். டிபிடி டெஸ்டில் இளஞ்சிவப்பாக நிற்கும் குப்பியில் இந்தக் கரைசலை நான்கு சொட்டு விட்டுப் பாருங்கள், நிறம் சட்டென்று மறையும். கண்ணில் பட்டால் எரியும் என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு முகத்தை விட்டுவிடுங்கள். கரைத்தது நாள்பட நின்றால் வீரியம் போய்விடும். அன்றன்று கரைக்க வேண்டும். சப்பிச் சாப்பிடும் ஆரஞ்சு மாத்திரையைக் கரைத்தால் சர்க்கரையும் சாயமும்தான் முடியில் ஒட்டும்.

ஈரம் காயும் முன் தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவுங்கள். நீச்சல் உடையைப் பைக்குள் சுருட்டி வைக்காமல் உடனே பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். முடி பச்சையாவது குளோரினால் அல்ல, தண்ணீரில் உள்ள செம்பால். பாசிக்காக மயில்துத்தம் (செம்பு உள்ள உப்பு) போடும் குளங்களில் வெள்ளை முடி உள்ள தாத்தா பாட்டிகளுக்கு அது முதலில் தெரியும்.

அசோசியேஷன் கூட்டத்தில் கேட்க வேண்டியது

சயனூரிக் அமிலம் கடைசியாக எப்போது அளந்தீர்கள் என்று கேளுங்கள். வெயிலில் குளோரின் சிதையாமல் காக்க அது 30 முதல் 50 பிபிஎம் வரை தேவை. ஆனால் டிசிசிஏ போடும் ஒவ்வொரு முறையும் அது தானாகச் சேரும்: 10 பிபிஎம் குளோரினுக்கு 6 பிபிஎம். நாளொன்றுக்கு 2 பிபிஎம் போட்டால், தண்ணீரே மாற்றாத குளத்தில் மூன்றே மாதத்தில் 100-ஐத் தாண்டிவிடும். அப்புறம் குளோரின் எண் நன்றாக இருந்தும் பாசி பிடிக்கும், இன்னும் அள்ளிக் கொட்டுவார்கள். இதற்கு மருந்து கிடையாது. 100-ஐ 50 ஆக்கப் பாதித் தண்ணீரை வெளியேற்றிப் புதிது நிரப்ப வேண்டும். நீந்துபவர் ஒருவருக்கு 30 லிட்டர் என்று அன்றாடம் புதுத் தண்ணீர் சேர்ப்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. 40 பேர் என்றால் 1,200 லிட்டர். லாரித் தண்ணீர் செலவு என்று இதில்தான் கைவைப்பார்கள்.

குளோரமைன் ஏறிவிட்டால் அதைப்போல் பத்து மடங்கு குளோரினை ஒரே இரவில் கொடுத்து உடைக்க வேண்டும். 0.8 என்றால் 8 பிபிஎம். நம் 60,000 லிட்டர் குளத்துக்கு 65 சதவீதம் குளோரின் தரும் கால்சியம் ஹைப்போகுளோரைட் பவுடர் முக்கால் கிலோ. டிசிசிஏ-வை இதற்குப் பயன்படுத்தினால் சயனூரிக் அமிலமும் ஏறும். நல்ல குளோரின் 4-க்குக் கீழே இறங்கும்வரை குளத்தைப் பூட்டி வைக்க வேண்டும்.

பம்ப் அறைக்குள் பிள்ளைகள் போகக் கூடாது. அங்கே டிசிசிஏ டப்பாவுக்கும் பிளீச்சிங் பவுடர் மூட்டைக்கும் ஒரே கரண்டி கிடந்தால் எழுதிப் புகார் கொடுங்கள்: இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டில் எதன்மேலும் ஆசிட் பட்டால் குளோரின் வாயுவே கிளம்பும்.