பழைய லாண்ட் ரோவருக்கு எஞ்சினும் கியர் பொக்ஸும் மாற்றும்போது

அப்புத்தளையில் எங்கள் கராஜ் சரிவில் இருக்கிறது. அதனால் இந்த வேலையில் நான் முதலில் சொல்வது ஸ்பேனரைப் பற்றி அல்ல, சக்கரத்துக்கு வைக்கும் கட்டையைப் பற்றி. சீரீஸ் லாண்ட் ரோவரின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர் பொக்ஸின் சுழற்சியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் பொக்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஒரு டிரம்மைப் பிடிக்கிறது. அந்தப் பிடி, பின் அச்சுக்குப் போகும் ஷாப்ட் (சுழலும் தண்டு) வழியாகத்தான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். அந்த ஷாப்டின் நட்டுகளைக் கழற்றியதும் லீவர் இழுத்தபடியே நிற்கும், வண்டி உருளும். கியரில் விட்டிருந்தாலும் நிற்காது. நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை போட்டதை என் கண்ணால் பார்த்த பிறகுதான் பையன்களை வண்டிக்கு அடியில் படுக்க விடுவேன்.

இந்த முறை மாற்றியது எங்கள் சொந்த வண்டி. 1974ஆம் ஆண்டு சீரீஸ் 3, 2286 சீசீ பெற்றோல். தோட்டத்து வண்டியாக இருந்தபோது அப்பாதான் அதன் டிரைவர். பிரசவ வலி கண்டவர்களை இரவோடு இரவாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டி என்பதால் அதை உடைத்து விற்க எனக்கு மனம் வரவில்லை.

பெரகலைப் பக்கம் இறங்கும்போது அதன் மூன்றாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வர ஆரம்பித்தது. சமதரையில் அது தொந்தரவு மட்டும்தான். இந்த இறக்கத்தில் எஞ்சின் பிடி போனால் பாரம் முழுவதும் கால் பிரேக்கில் விழும். கியர் ஒயிலை இறக்கிப் பாருங்கள். அடியில் சாம்பல் நிறக் குழம்பு இருந்தால் வயதுக் கோளாறு. விரலில் குத்தும் சிம்பு இருந்தால் பேரிங்கோ பல்லோ போய்விட்டது.

எஞ்சினை அவசரப்பட்டுக் குறை சொல்லாதீர்கள். உயரம் 300 மீற்றர் கூடக்கூட எஞ்சினின் பலம் சுமார் 3 சதவீதம் குறையும். அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலே இருக்கிறது. காற்று மெலிவதால் பெற்றோல் கலவை கனத்து பிளக் கறுக்கும். அதனால் கம்பிரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) பார்த்து முடிவெடுங்கள். ஒரு சிலிண்டர் குறைவாகக் காட்டினால் அதில் ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங்கும் போரும் தேய்ந்தவை, ஏறாவிட்டால் வால்வு. எங்களுடையதில் மூன்று சிலிண்டர் ஏறியது.

எஞ்சினையும் கியர் பொக்ஸையும் ஒரே தடவையில் இறக்குவதுதான் என் வழக்கம். கிளச், பின் ஒயில் சீல், ஸ்பிகட் புஷ் (கியர் பொக்ஸின் முன் ஷாப்ட் நுனியைத் தாங்கும் வளையம்) எல்லாம் இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கின்றன. பலர் ஜப்பான் டீசல் எஞ்சின் போடச் சொல்வார்கள். நான் போடுவதில்லை. அதன் இழுவையை இந்தக் கியர் பொக்ஸும் பின் அக்ஸிலும் நெடுநாள் தாங்காது. கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் தேடினால் அதே இன எஞ்சின் இன்னும் கிடைக்கிறது. எதை வாங்கினாலும் எஞ்சின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்திவிடுங்கள்.

கழற்றும் வேலை பெரிதில்லை. பொனட், பட்டறி, தண்ணீர், பிறகு முன் பேனலோடு சேர்த்து ரேடியேட்டர். சீட் பொக்ஸும் தரைத் தகடும் கழன்றால் கியர் பொக்ஸ் மேலே தெரியும். தகட்டின் போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கும். முதல் நாளே ஒயில் தடவி வையுங்கள். எங்களிடம் கிரேன் இல்லை. மூன்று தடித்த யூக்கலிப்டஸ் மரங்களைக் கூம்பாகக் கட்டி, செயின் பிளாக் மாட்டி எஞ்சினைத் தூக்கினோம். கட்டைகளை எடுத்து, வண்டியை ஆறு பேர் பிடித்துக்கொண்டு பின்னால் தள்ளினோம்.

எஞ்சின் வெளியே வருமுன் பெல் ஹவுசிங்குக்கு (கிளச்சை மூடியிருக்கும் கியர் பொக்ஸின் முன் கூடு) அடியில் கட்டாயம் முட்டுக் கொடுங்கள். இளம் வயதில் ஒரு தடவை நான் கொடுக்கவில்லை. கியர் பொக்ஸின் பாரம் முழுவதும் அதன் முன் ஷாப்டின் நுனியில், கிளச் பிளேட்டில் தொங்கியது. பிளேட் வளைந்ததைக் கவனிக்காமல் அதையே திரும்பப் பூட்டினேன். ஏற்றத்தில் வண்டி உடம்பே அதிரும்படி உதறியது. கொழுந்து ஏற்றிய வண்டியை நடுவழியில் நிறுத்திய அந்த வாடிக்கையாளரின் முகம் இன்றும் கண்ணில் நிற்கிறது. மறுபடி எல்லாவற்றையும் இறக்கிப் புதுப் பிளேட் போட்டேன், கூலி வாங்கவில்லை.

பூட்டும்போது கிளச் பிளேட்டை நடுவில் நிறுத்த, உடைந்த கியர் பொக்ஸிலிருந்து எடுத்த பழைய முன் ஷாப்ட்டே நல்ல கருவி. பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இரண்டையும் சேர்க்கையில் கடைசி அரை அங்குலம் மூடாமல் நின்றால் நட்டால் இழுக்கவே கூடாது. கியரில் போட்டு, பின் டிரம்மைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். பல்லோடு பல் பொருந்தியதும் தானாக உள்ளே போகும். போகாவிட்டால் பிளேட் நடுவில் இல்லை, திரும்பக் கழற்றுங்கள்.

எஞ்சினுக்கு 6 லீற்றர் ஒயில், பில்டருக்கு இன்னும் கொஞ்சம். கியர் பொக்ஸுக்கு ஒன்றரை லீற்றர் 90 நம்பர் கியர் ஒயில், டிரான்ஸ்பர் பொக்ஸுக்குத் தனியாக இரண்டரை. இரண்டையும் ஒரே வாயில் ஊற்றிவிடாதீர்கள்.

முதல் ஓட்டத்துக்கு தம்பேதன்ன வரை ஏறித் திரும்பினேன். மூன்றாவது கியர் பிடித்தபடி இருந்தது. வந்ததும் பிளைவீல் ஹவுசிங்குக்கு அடியிலுள்ள சிறு துளையில் விரல் வைத்துப் பார்த்தேன். அங்கே ஈரம் இருந்தால் மணந்து பாருங்கள். கந்தக வாடை அடித்தால் கியர் பொக்ஸ் சீல், இல்லாவிட்டால் எஞ்சின் சீல். எங்களுடையது காய்ந்தே இருந்தது.