ஐசி குறியீடு வரையும்போது 2.5-ஆ, 2.54-ஆ?

டர்பனில், சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமைதோறும் சில பிள்ளைகளுக்கு மின்னணுவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அண்மையில் ஒரு மாணவி, மின்சுற்று வரைய உதவும் கீகேட் மென்பொருளில் தானே வரைந்த ஐசி (சில்லு) குறியீட்டைக் காட்டினாள். கம்பிக்கோடு பின்னை, அதாவது ஐசியின் காலை, தொட்டதுபோலவே தெரிந்தது. பிழைச் சோதனையோ இணைப்பே இல்லை என்றது. காரணம், அவள் குறியீட்டை 2.5 மி.மீ. இடைவெளியுள்ள கட்டத்தில் வரைந்திருந்தாள். வரைபடத்தின் கட்டமோ 2.54 மி.மீ. அடிப்படையிலானது. முதல் பின்னில் 0.04 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. மென்பொருளுக்குத் தெரியும்.

2.54 என்பது அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மில், ஆக, 2.54 மி.மீ. என்றால் 100 மில். ஓர் அங்குலம் சரியாக 25.4 மி.மீ. என்று 1959இல் ஆறு நாடுகள் ஒப்புக்கொண்டன. அவற்றில் நம் தென்னாப்பிரிக்காவும் ஒன்று! இங்கே பிள்ளைகளின் அளவுகோலில் சென்டிமீட்டர்தான் என்பதால் இதை அவர்களுக்குக் கட்டாயம் சொல்லிவிடுவேன்.

இப்போது நேரம் கணக்கிடும் எட்டுக் கால் ஐசியான 555 டைமருக்குக் குறியீடு வரைவோம்.

முதல் படி: கட்டத்தை 100 மில்லுக்கு மாற்றுங்கள். பின்களை வைத்து முடிக்கும்வரை அதைத் தொடாதீர்கள்.

இரண்டாம் படி: நடுப்புள்ளியைச் சுற்றி நாற்புறமும் 400 மில் தள்ளிக் கோடு வருமாறு ஒரு சதுரம் வரையுங்கள். இந்தப் பெட்டிக்கும் கையில் இருக்கும் ஐசியின் அளவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. படிப்பவர் கண்ணுக்கு வசதியாக இருந்தால் போதும்.

மூன்றாம் படிதான் முக்கியம். பின்களை எண் வரிசையில் அடுக்காமல், அவை செய்யும் வேலையைப் பார்த்து வையுங்கள். மின்சாரம் வரும் 8ஆம் பின் மேலே, தரையிணைப்பான 1 கீழே, 2, 4, 5, 6 இடப்பக்கம், வெளியீடான 3உம் அதனுடன் 7உம் வலப்பக்கம். பின்னின் நீளம் 100 மில். சிறு வட்டம் தெரியும் முனையில்தான் கம்பி சேரும். அது கட்டப் புள்ளியில் உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பின்னிலும் பாருங்கள்.

எழுத்தின் உயரம் 50 மில், அதாவது 1.27 மி.மீ.

அடுத்து, மின்தடை போன்ற உதிரிகளின் மதிப்பு. நம் நாட்டில் தசமத்துக்குக் காற்புள்ளி இடுகிறோம்; மென்பொருள்களோ பெரும்பாலும் புள்ளியை எதிர்பார்க்கின்றன. நகலெடுத்த தாளில் இரண்டுமே மறைந்து, 4.7 கிலோ ஓம் 47 ஆகிவிடலாம். புள்ளி வரும் இடத்தில் அலகின் எழுத்தையே வைத்து 4கே7 என்று எழுதுங்கள். பன்னாட்டுத் தரநிலையான ஐஇசி 60062 சொல்லும் முறையும் இதுதான்.

கடைசியாக ஃபுட்பிரிண்ட், அதாவது உதிரியைப் பற்றவைக்கப் பலகையில் விடும் செப்புத் தடம். இங்கே உண்மையான அளவு வேண்டும், அதுவும் மில்லிமீட்டரில். சிறு உதிரிகளின் அளவைக் குறிக்கும் 0603 என்ற எண்ணைப் பார்த்தால் நில்லுங்கள். அங்குலக் குறியில் அது 1.6 × 0.8 மி.மீ.; மெட்ரிக் குறியில் வெறும் 0.6 × 0.3 மி.மீ. கீகேட் நூலகப் பெயர்களில் அங்குலக் குறியான 0603, அதே அளவின் மெட்ரிக் குறியான 1608 இரண்டும் சேர்ந்தே வருவது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான்.

பலகையைச் செய்ய அனுப்புமுன் ஃபுட்பிரிண்டை உண்மை அளவில் தாளில் அச்சிட்டு, உதிரியை அதன்மேல் வைத்துப் பாருங்கள். 40 பின் ஐசியின் ஒரு வரிசையில் 19 இடைவெளிகள், 2.54க்குப் பதில் 2.5 போட்டிருந்தால் கடைசிக் கால் 0.76 மி.மீ. தள்ளி நிற்பதை அந்தத் தாளே காட்டிவிடும்.